பத்துக்கு அப்புறம் பதிமூன்று

1

இந்தக் கதையை நான் திருடினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதற்கு இது மேல்.

தையல் விட்டுப்போன ஒரு பழைய அகராதியைத் தூக்கிக்கொண்டு பைண்டர் ஒருவரிடம் போயிருந்தேன். அவர் உள்ளே பசை கிண்டிக்கொண்டிருந்தார். சும்மா இருக்கத் தெரியாத என் கை, மேசைக்கு அடியில் இருந்த செருப்பு டப்பாவைத் திறந்தது. உள்ளே பத்துப் பதினைந்து தாள்கள், எல்லாம் சிறுவர் கதைப் புத்தகங்களிலிருந்து பிளேடால் எடுத்தவை. ஒன்றில் அம்மா மான் விழுந்து கிடந்தது. இன்னொன்றில் ஒரு அம்மா கப்பலில் நின்று கையசைத்தாள். மூன்றாவதை எடுப்பதற்குள் அவர் வந்துவிட்டார். டப்பாவை வாங்கி மூடினார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

எப்படி ஆரம்பிப்பது?

‘ஒரு ஊரில் ஒரு பைண்டர் இருந்தார். அவருக்கு ஒரே ஒரு—’

(வேண்டாம். ‘ஒரே ஒரு’ என்றதுமே நீங்கள் அழத் தயாராகிவிடுவீர்கள்.)

‘குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, பைண்டர் உட்கார்ந்திருந்தார்.’

இது பரவாயில்லை. எதிரே டீச்சர். பேச்சு பைண்டருடைய ஏழு வயது மகளைப் பற்றி. வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். ஓயாமல் பேசுவாள் என்பதால் அவள் அம்மா வைத்தது.*

"தண்ணி மாதிரி வாசிக்கறா சார். ஒரு எழுத்து தப்பாது. ஆனா என்ன வாசிச்சேன்னு கேட்டா திருதிருன்னு முழிக்கிறா. வர்ற பரீட்சையிலயும் இப்படியே இருந்தா, இன்னொரு வருஷம் இதே வகுப்புலதான் இருக்கணும்."

"நான் என்ன செய்யணும் டீச்சர்?"

"தினமும் சின்னதா ஒரு கதை வாசிக்கச் சொல்லுங்க. முடிச்சதும் நாலே கேள்வி. யாரு, எங்க, ஏன், அப்புறம் என்ன. நீங்க எடுத்துக் குடுக்காதீங்க, அவளே சொல்லட்டும்."

பைண்டர் நாலு கேள்வியையும் ஓர் அட்டைத் துண்டில் எழுதி, சாப்பாட்டு மேசைக்கு மேலே ஆணியில் மாட்டினார்.

* இப்போது பேச்சு குறைந்துவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

3

சாயங்காலம் ஆறு மணி. பால் தம்ளரைத் தள்ளிவைத்துவிட்டுச் சில்வண்டு வாசித்தாள். வாத்துக்குஞ்சு ஒன்றின் கதை. குஞ்சு குளக்கரையில் அம்மாவுக்காகக் காத்திருக்கிறது. எதிர்ப் பக்கத்தில், கோழி அதைத் தன் இறக்கைக்குள் சேர்த்துக்கொள்கிறது.

"யாரு?"

"வாத்துக்குஞ்சு."

"எங்க?"

"குளத்துக்கிட்ட."

"அது ஏன் கோழிகிட்ட போச்சு?"

அவள் பக்கத்தின் கீழ்மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல."

"இப்பதானே வாசிச்ச?"

"வாசிச்சேன். தெரியல."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"தெரியலப்பா."

நாற்பது நாளாக இதே பாட்டு. முதல் இரண்டு கேள்விக்குப் பதில் வரும். ‘ஏன்’ என்றதும் வாய் பூட்டிக்கொள்ளும். அன்று பைண்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"மண்டையில என்ன களிமண்ணா இருக்கு?"

சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அழவில்லை. புத்தகத்தை மூடி, ஓரம் தட்டிச் சரிசெய்து, அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

5

நான்காம் பகுதியைத் தேடாதீர்கள். எழுதினேன், கிழித்துவிட்டேன். அதில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தா இருந்தது. நான்காக மடித்த போர்வை ஒன்று இருந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன். சில்வண்டின் அம்மா எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோனாள். அந்த நாட்களில் குழந்தையை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். கூட்டிவரப் போன பைண்டரிடம், "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள். "இன்னும் உடம்பு சரியாகல. வந்துருவா" என்றார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். "பச்சப்புள்ள, இப்ப எதுக்குண்ணா" என்று அவருடைய தங்கையும் சொன்னாள். அந்த ‘நாளை’ இன்னும் விடியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் வரும் எந்தக் கதைப் புத்தகத்தையும் முதலில் அவர் வாசித்தார். எங்கே ஓர் அம்மா இறந்தாளோ, காணாமல் போனாளோ, அந்தத் தாள் வெளியே. நடுவில் கம்பிப் பின் அடித்த புத்தகத்தில் ஒரு தாளை எடுத்தால், அதோடு ஒட்டிப் பிறந்த மறுபாதித் தாள் கழன்று தொங்கும். அதை மெல்லிய காகிதப் பட்டையில் பசை தடவி உள்ளே பிடித்துவைப்பார். அவர் கைவேலையில் குற்றம் கண்டவர் கிடையாது.

(இந்த ஆள்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. பதில் இருக்கும் தாளைத் தானே உருவிவிட்டு, பதில் சொல்லவில்லை என்று ஒரு மனிதன் கோபப்படுவானா? படுவான் என்றுதான் படுகிறது. வெட்டு தெரியவில்லை என்றால் அங்கே ஒன்றும் குறையவில்லை என்று நம்புவது அவர் தொழில். டீச்சர் சொன்னபோதுகூட, குறை மகளிடம் இருப்பதாகத்தான் எடுத்துக்கொண்டார். வீட்டில் ‘ஏன்’ இல்லாத கதைகளாகவே வாசித்துப் பழகியவள், பள்ளியிலும் அதைத் தேடுவதை விட்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லை.)

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். லீவு நாட்களில் சில்வண்டு அவரோடு பட்டறைக்கு வருவாள். சும்மா இருக்கட்டும் என்று ஒரு வேலை பழக்கியிருந்தார்: தைக்கப்போகும் புத்தகத்தில் பக்க எண் வரிசையாக இருக்கிறதா என்று பார்ப்பது. ‘முதல்ல நம்பர், அப்புறம்தான் படம்’ என்று சொல்லிக்கொடுத்ததும் அவரேதான்.

6

பரீட்சைக்கு முந்தைய நாள். அதே மேசை, அதே வாத்துக்குஞ்சு. அவள் வாசித்து முடித்தாள். அவர் எழுந்து கேள்வி அட்டையை ஆணியிலிருந்து எடுத்து, பார்த்துக் கேட்டார். ‘ஏன்’ வந்தது.

"பத்துக்கு அப்புறம் பதிமூணு வருதுப்பா."

"என்னது?"

"பதினொண்ணு, பன்னெண்டு இல்ல. முயல் புக்குலயும் இல்ல. கப்பல் புக்குலயும் இல்ல. நீங்க மறந்துபோய் எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்."

பைண்டர் அட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இன்னிக்கு ஸ்கூல்ல இதே புக்கு பார்த்தேன். அதுல ரெண்டும் இருக்கு."

வேறு எதையாவது கேட்டிருக்கலாம். நாற்பது நாள் பழக்கம், நாக்கு தானாகப் புரண்டது.

"அதுல என்ன இருந்துச்சு?"

"உங்களுக்குத் தெரியுமே. நீங்கதான வெட்டினீங்க." புத்தகத்தை மூடி ஓரம் தட்டினாள். "எல்லாப் புக்குலயும் அதேதானா வெட்டினீங்க?"

அவர் தலையசைத்தாரா, நடுங்கினாரா என்று எனக்கே நிச்சயமில்லை. அவள் எழுந்து நாற்காலிமேல் ஏறி, அவர் கையிலிருந்த அட்டையை வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப அம்மா?"

7

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் பைண்டர், ‘வந்துருவா’ என்கிறார். அவள் ‘சரிப்பா’ என்கிறாள். மறுநாள் பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும், ‘தெரியல’ என்று எழுதிவைத்துவிட்டு வருகிறாள். இது நடந்துவிடும்போல் இருந்ததால் அடித்துவிட்டேன்.

இரண்டாவதில் செருப்பு டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் அதனதன் புத்தகத்தில் ஒட்டுகிறார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் போனபோது டப்பா மேசைக்கு அடியில் தாள்களோடு கிடந்ததே.

மூன்றாவதில் அவர் வாயைத் திறந்து, ‘சில்வண்டு, அம்மா—’

அங்கேயே நிற்கிறது. பத்து நாளாக நிற்கிறது. நீளமான வாக்கியங்களை எழுதிப் பிழைக்கிற எனக்கு, இந்தச் சின்ன வாக்கியத்தை முடிக்கத் துணிவில்லை. அவரைச் சொல்லி என்ன பயன்?

நீங்கள் முடியுங்கள். ஒரே வரி போதும். ஏழு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்த சொற்களாக இருக்கட்டும். ‘தூங்கிட்டா’, ‘நட்சத்திரமாயிட்டா’ எல்லாம் வேண்டாம். அவள் பக்க எண்ணைப் பார்க்கிறவள். எழுதி முடித்ததும் உரக்க ஒருமுறை வாசித்துப் பாருங்கள், அந்தக் குட்டி முகத்தை எதிரே வைத்துக்கொண்டு.

அவளுக்குப் புரியாது என்று மட்டும் கவலைப்படாதீர்கள். அவள் அட்டையைப் பிடித்தபடி நாற்காலிமேல் நின்றுகொண்டிருக்கிறாள்.