அத்தானின் முறை

1

இந்தக் கதையை அக்காவின் மடியிலிருந்து திருடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனபோது, கையில் பிடித்து ஆடும் வீடியோ கேம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் சிரித்தாள். கதை கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு குட்டிப் பிசாசு குதித்தது. எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்?

முதல் தொடக்கம்: "லிஃப்ட் மெக்கானிக் இறந்த பிறகும் அவருடைய சீட்டுகள்..." (அடித்துவிட்டேன். மலிவான பேய்ப்படம் மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: "இழப்பு என்பது..." (சீ, கட்டுரை எழுதவா உட்கார்ந்தேன்?)

இரண்டையும் அக்காவிடம் காட்டினேன். அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். மயிரிழைக் குறைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. படித்துவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தாள்.

"அவரப் பேயாக்காத. பேயா இருந்தா எனக்கு பயம் வராதா?"

பயம் எனக்குத்தான் வந்தது.

2

அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். உதிரிபாகம் வரும்வரை மோட்டார் அறையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அந்தக் கருவியில் சீட்டு விளையாட்டைப் பழகினார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மிருகமோ கோட்டையோ இருக்கும். எல்லாம் திரைக்குள்ளேதான். சேர்த்த சீட்டுகளைக் கட்டாக அடுக்கி மோத வேண்டும். ஜெயித்தவருக்குத் தோற்றவர் கட்டிலிருந்து ஒரு சீட்டு.

வீட்டுக்கு வந்தால் அக்காவோடு கருவியை மாற்றி மாற்றி வாங்கி ஆடுவார். வேண்டுமென்றே தோற்பார். நல்ல சீட்டு கையில் இருக்கும், போடமாட்டார். அக்காவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி ஜெயிப்பாள். குடித்தனம் என்றால் அப்படித்தானே.

விளையாட்டில் 'நிழல்' என்று ஒன்று உண்டு. ஒருவர் ஆடும் விதத்தைக் கருவி பார்த்துப் பழகிக்கொள்ளும்; அவர் இல்லாதபோது அவர் கட்டை வைத்து அவர் மாதிரியே ஆடும். அத்தான் மோட்டார் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, அக்கா அதைத் திறந்தாள். நிழல் அவளோடு ஆடியது. தோற்றது.

அதிலிருந்து தினமும் ஆடினாள், தினமும் ஜெயித்தாள். ஒவ்வொரு வெற்றிக்கும் அவர் கட்டிலிருந்து ஒரு சீட்டு வந்தது. பரிசு கொடுக்கிறார் என்று பூரித்துப்போனாள், பைத்தியக்காரி. அவர் கட்டு இளைத்துக்கொண்டே போனதை அவள் பார்க்கவில்லை.

3

இந்த இடத்தில் ஒரு பொறியாளரைக் கொண்டுவர நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர், "இதெல்லாம் வெறும் கணக்கு..." (வேண்டாம். இவர் வாயைத் திறந்தால் கதை குறட்டை விடும். போய் வாருங்கள் ஐயா.)

அவருக்குப் பதில் நானே ஆடிப் பார்த்தேன். அக்கா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். அவள் கட்டையே எடுத்தேன். கருவியில் கேமராவும் இல்லை, மைக்கும் இல்லை. ஆள் மாறியது நிழலுக்குத் தெரிய வழியே கிடையாது. ஆனால் அது என்னைத் துவைத்துப் பிழிந்துவிட்டது. அக்காவிடம் ஒருநாளும் போடாத சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கியது. அத்தான் இருந்தபோதும் இப்படித்தான், மச்சினன் என்றால் அவருக்கு இளக்காரம்.

அக்கா இறங்கி வந்து கருவியை வாங்கினாள். நிழல் உடனே தோற்க ஆரம்பித்தது.

(நீ ஆடத் தெரியாதவன் என்று நீங்கள் சொல்லலாம். நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொள்கிறேன்.)

4

அந்த வெற்றிகளில் ஒன்றுக்குப் பிறகுதான் திரையில் அந்த வரி வந்தது: எதிராளியின் கட்டில் இன்னும் ஒரு சீட்டு குறைந்தால் நிழல் ஆட இயலாது.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயித்த சீட்டைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை, தோற்றால்தான் உண்டு. ஆட்டத்தின் நடுவே கருவியை அணைத்தால் இரண்டு கட்டிலும் ஒவ்வொரு சீட்டு அழிந்துபோகும். ஆக, தோற்பதற்காகவே ஓர் ஆட்டத்தைத் தொடங்கினாள்.

ஆயுள் முழுக்கத் தோற்றுக்கொடுத்த மனிதனிடம் தோற்பது லேசா? அக்கா தாக்காமல், தன் முறையை விட்டுத்தரும் 'விடுகிறேன்' பொத்தானை அழுத்தினாள். நிழலும் விடுகிறேன் என்றது. இவள் விட, அது விட, யாரும் தாக்காமல் ஆட்டம் முடியவே இல்லை. விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்று சொல்லிவைத்தவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

கருவி சார்ஜரிலேயே கிடந்தது. வேலைக்கும் கொண்டுபோனாள். ஊர்பேர் தெரியாதவர்களின் பிளாஸ்டர் பல்வரிசைகள் அலமாரியில் வாய் பிளந்திருக்க, நடுவில் அதை வைத்துக்கொண்டு, ஒரு பல்லை ராவுவாள், ஒரு முறை விடுவாள். கொடு, நான் தோற்றுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். வாயை மூடு என்றாள்.

"உன்ன ஜெயிச்சு அவரு இங்க இருக்க வேணாம். என்னை ஜெயிக்கட்டும்."

இன்று காலை, திரையைப் பார்த்து, நான் இருப்பதையும் மறந்து கேட்டாள்: "ஒரே ஒரு தடவ என்னை ஜெயிங்களேன். உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?"

நிழல் வழக்கம்போல உடனே விடவில்லை. 'எதிராளி யோசிக்கிறார்' என்று எழுத்து வந்தது. இத்தனை நாளில் அது யோசித்ததே இல்லை.

5

இப்போது மதியம். திரையில் அந்த எழுத்து இன்னும் அப்படியே நிற்கிறது. நான் கதையை முடித்தாக வேண்டும்.

முடிவு ஒன்று: நிழல் அவளைத் தாக்குகிறது, அக்கா தோற்று, கண்ணீரோடு... (கண்ணீர் வேண்டாம். அக்கா கைதட்டுவாள்.)

முடிவு இரண்டு: நிழல் மறுபடியும் விட்டுக்கொடுக்கிறது. அவள் சாகும்வரை இருவரும்... (இதை என்னால் எழுத முடியாது. அவள் என் அக்கா.)

முடிவு மூன்று: கருவி உறைந்துபோய்விட்டது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும், அவ்வளவுதான். நான் அனுப்பிவைத்த பொறியாளர் இதைத்தான் சொல்லுவார். சரியாகவும் இருக்கலாம். அணைத்தால் ஒரு சீட்டு அழியும், அதோடு அத்தான் இல்லை.

மூன்றாவதைத் தட்டச்சு செய்யும்போது அக்கா பின்னால் நின்று படித்திருக்கிறாள். என் கையை நகர்த்தி வைத்தாள். அவள் விரல்களில் பிளாஸ்டர் தூள் ஒட்டியிருந்தது.

"எதையும் எழுதாத. அவருக்கு இதுல பழக்கமில்ல. நேரமாகும்."

அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.