ஈயம் கட்டிய பேட்

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட பேஸ்பால் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியை ஜெரினா மிஸ் சொன்னதிலிருந்து மங்கைக்குத் தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்த எனக்கும் இல்லை. மங்கை அடித்தால் பந்து கடலுக்கே போகும். ஆனால் பட வேண்டுமே! வேகமான பந்து தாண்டிப் போன பிறகுதான் அவள் பேட் வந்து சேரும். போன வருடமும் அப்படித்தான் தேர்வில் தோற்றாள். இந்த முறையும் தோற்றால் பள்ளிக்கூடத்து பேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள்.

அது மீன்பிடித் தடைக்காலம். எனக்கு இறால் உரிக்கும் வேலை இல்லை. மங்கையின் அண்ணன் திருமலைக்குக் கடலுக்குப் போகும் வேலை இல்லை. அதனால் தங்கையின் ஆட்டத்தைச் சரிசெய்யக் கிளம்பினான்.

"வெயிட்டு பத்தலம்மே, அதான் மேட்டரு. வெயிட்டா சுத்திப் பயகு. அப்பால வெறும் பேட்டு பூ மாரி இருக்கும்."

வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக் குண்டுகளை ஒரு சைக்கிள் டியூப் துண்டில் வரிசையாகக் கட்டி, பேட்டின் தலையில் மாட்டினான். மங்கை மூச்சு வாங்கச் சுழற்றினாள். குப்பமே வேடிக்கை பார்த்தது. டியூபைக் கழற்றியதும், "ஐயோ, பேட்டே இல்லாத மாரி கீதுடா!" என்று குதித்தாள்.

திருமலை பந்து போட்டான். விட்டாள். மறுபடி போட்டான். முன்னைவிடத் தாமதமாகச் சுற்றி, அதையும் விட்டாள்.

"இன்னாடி, காத்த அட்சிக்கினு கீற? இரு, இன்னும் நாலு குண்டு கட்றேன்."

கவிழ்த்து வைத்த படகின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஈயம் ஏறிய பிறகு மங்கை பேட்டை வீசவில்லை, இழுத்தாள். கரைவலை இழுக்கிறவர்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து, தோளால் இழுப்பார்களே, அப்படி. வலை வரும்வரை கடல் காத்திருக்கும். பந்து காத்திருக்காது.

அத்தனை பேர் முன்னால் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஓடிப்போய், கடலில் வலை கிடக்கும் இடத்துக்கு அடையாளமாகக் கொடி கட்டும் மூங்கில் கம்பு ஒன்றை பேட் நீளத்துக்கு வெட்டிக்கொண்டேன். ஒரு கூடை வலை மிதவைகளையும் எடுத்து வந்தேன்.

திருமலை சிரித்தான். "சௌமியா, இத்த வெச்சி கொசு அடிக்கவா?"

"சுத்து" என்று மங்கையிடம் மட்டும் சொன்னேன்.

சுற்றினாள். 'விய்ங்' என்று கம்பு கூவியது. ஈயம் கட்டிய பேட் கூவவே இல்லை!

"சத்தம் வர்ற எடத்துலதான் வேகம். அது உன் முதுகாண்ட கேக்குது மங்கை. முன்னால கேக்கணும்."

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கண்கள் விரிந்தன. மறுபடி சுற்றினாள். மறுபடி. கூவல் தோளுக்கு வந்தது, நெஞ்சுக்கு நேராக வந்தது, முன்னங்காலைத் தாண்டி வந்தது! நான் மிதவையை எறிந்தேன். 'டப்!' அது பறந்துபோய்த் திருமலையின் காதில் பட்டது.

"ஏய், கொசு நான் இல்லடி!"

சனிக்கிழமை மாலைவரை எறிந்தேன். என் தோள் வீங்கியது, அவள் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. இருவரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிறன்று ராயபுரம் மைதானத்தில் நாலு பேட்டுகள் கிடந்தன. "பெருசா எடும்மே!" என்று மதிலுக்கு வெளியிலிருந்து எட்டிக் கத்தினான் திருமலை. மங்கை ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டாள். இருந்ததிலேயே மெலிந்ததை எடுத்துக்கொண்டாள்.

ஜெரினா மிஸ்ஸே பந்து போட்டார். முதல் பந்து பேட்டின் நுனியில் உரசிப் போனது. அடுத்ததை விட்டாள். ஆளுக்கு மூன்று பந்துதான்; இனி ஒன்றுதான் பாக்கி.

மிஸ் வேகமாக வீசினார். மங்கையின் இடுப்பு முதலில் திரும்பியது, பிறகுதான் கை. 'டங்!' பந்து மிஸ்ஸைத் தாண்டி, மதிலைத் தாண்டி, துறைமுகச் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு லாரியின் தார்ப்பாயில் போய் விழுந்தது. லாரி நிற்கவில்லை.

"டேய் டிரைவரு! எங்க பாலு!" திருமலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

"மிஸ், பாலு போச்சு..." என்றாள் மங்கை.

"பால் கெடக்குது வுடு. திங்கக்கெழம காலையில பயிற்சிக்கு வந்துடு."

மங்கை என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு இருவரும் மதில்மேல் ஏறினோம்.

"அண்ணா! நில்லுண்ணா! மங்கைய டீம்ல சேத்துக்கினாங்கோ!" என்று கத்தினேன். சாலையே திரும்பிப் பார்த்தது. திருமலை மட்டும் திரும்பாமல், லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தான்.