லுசுங்குவின் மீன்தொட்டியும் நீலச் சண்டியரும்

எதிர்க்கடைக்காரி சுவர் நிறைய ஒரு தொலைக்காட்சியை மாட்டிய நாளிலிருந்து லுசுங்கு கோண்ட்வேக்கு நசிமாக் களி தொண்டையில் இறங்கவில்லை. முசுசு நகரச் சந்தைக்குப் பின்னால் முடி பின்னும் கடை வைத்திருப்பவள் அவள். இரண்டு நாள் யோசித்து, ஒரு மீன்தொட்டி வைப்பதென்று முடிவு செய்தாள்.

மீன் விற்கும் கமங்காவிடம் போய், "அண்ணே, என் கடைச் சுவர் நீலம். அதுக்குப் பொருத்தமா நாலு மீன் குடுங்க" என்றாள்.

"சுவருக்குப் பொருத்தம் பாக்க இது என்ன திரைச்சீலையாம்மா? மீனுக்கு மீன் பொருத்தம் பாக்கணும். தொட்டி எத்தனை லிட்டர்?"

"அறுபது."

"அப்ப நம்ம ஏரியில பாறை இடுக்குல வாழுற மீன் ஆகவே ஆகாது. ஒவ்வொண்ணும் ஒரு ரவுடி. சின்னத் தொட்டியில ஒண்ணு மிஞ்சும், மத்ததெல்லாம் மிதக்கும். சாதுவா ஆறு கப்பி மீன் வளங்க."

வடிகட்டி, தண்ணீரைச் சூடாக்கும் கருவி, வெப்பமானி, கூழாங்கல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார் கமங்கா. கடைசியாக மூடியை எடுத்தபோது லுசுங்கு தடுத்தாள். "மூடி வேணாம்ணே. போட்டோவுல நல்லா விழாது."

"மீன் குதிக்கும்மா."

"என் கடையில இருந்து அது எதுக்குண்ணே குதிக்கணும்? யாரும் குதிச்சதில்ல."

தண்ணீரை ஊற்றி வடிகட்டியை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு, ஒரு மாதம் கழித்துத்தான் மீன் விட வேண்டும் என்பது கமங்காவின் கட்டளை. அழுக்கைத் தின்னும் கிருமிகள் முதலில் குடியேற வேண்டுமாம். அந்த ஒரு மாதமும் வாடிக்கையாளர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்தபடியே முடி பின்னிக்கொண்டார்கள். "ரொம்பக் கூச்ச சுபாவம், கல்லுக்குப் பின்னால இருக்கு" என்று லுசுங்கு சமாளித்தாள். இரண்டு பேர் பார்த்துவிட்டதாகச் சத்தியமே செய்தார்கள்.

பிறகு கப்பிகள் வந்தன. ஆறும் வாலை விசிறிக்கொண்டு சமர்த்தாகத் திரிந்தன. நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் அவள் கணவன் வாக்கிசா, ஏரிக்கரையில் உள்ள என்கட்டா பேக்குப் போய்த் திரும்பியவன், ஒரு வாளியோடு வந்து நின்றான்.

"கண்ண மூடு. உன் சுவர் நிறத்துலயே ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

அவள் கண்ணைத் திறப்பதற்குள் நீலப் பாறை மீன் ஒன்று தொட்டிக்குள் இறங்கிவிட்டது. இறங்கிய வேகத்தில் கூழாங்கற்களை வாயால் அள்ளித் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றியது. கப்பிகள் ஆறும் வடிகட்டிக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டன.

"யோவ், இது மீனா, வீட்டு ஓனரா?" என்று கத்தினாள் லுசுங்கு.

"புது இடம்ல, பழகிடும்" என்றான் வாக்கிசா. மாலைக்குள் இரண்டு கப்பிகளுக்கு வால் பாதிதான் இருந்தது.

மறுநாள் காலை, தேவாலயப் பாடகர் குழுத் தலைவி திருமதி நியாசுலு சுவர்ப் பலகையில் இருந்த தொட்டிக்குக் கீழே உட்கார்ந்து முடி பின்னிக்கொண்டிருந்தார். வாக்கிசா வலையோடு அந்த நீலச் சண்டியரைத் துரத்தினான். சண்டியர் இடப்பக்கம் போக்குக் காட்டி, வலப்பக்கம் திரும்பி, ஒரே எம்பில் வெளியே பறந்து, அம்மையாரின் பின்னாத பாதித் தலையில் விழுந்து மாட்டிக்கொண்டார்.

லுசுங்கு அவர் தலையை இறுகப் பிடித்தாள்.

"என்னடி இது, உச்சந்தலையில இவ்வளவு சில்லுனு?"

"புது வைத்தியம்மா! தலையை மட்டும் ஆட்டாதீங்க" என்றபடி, மீனை விடுவித்து வாக்கிசாவின் வாளியில் போட்டாள்.

"நெளியுற மாதிரி இருந்துச்சே?"

"வேர்க்காலு விழிச்சுக்குதும்மா."

வாக்கிசா வாயைப் பொத்திக்கொண்டு வாளியோடு வெளியே ஓடினான். நேராகக் கமங்காவின் பெரிய தொட்டியில் கொண்டுபோய் விட்டான். அங்கே அதன் இனத்தார் இருபது பேர் அதை ஓட ஓட விரட்டினார்கள். திரும்பும்போது மூடி ஒன்றும் வாங்கி வந்தான்.

சனிக்கிழமை பாடகர் குழுவில் பாதிப் பேர் லுசுங்கு கடை வாசலில் நின்றார்கள், அந்தச் சில்லென்ற வைத்தியம் வேண்டுமென்று. பனிக்கட்டியை ஈரத் துண்டில் சுற்றி ஒவ்வொரு தலையாக வைத்தாள் லுசுங்கு. எதிர்க்கடைக்காரியே தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

திருமதி நியாசுலுவுக்கு மட்டும் திருப்தி இல்லை. "சரக்குல கலப்படம் பண்ணுறடி நீ. அன்னைக்கு வச்சது வால் ஆட்டுச்சு."