பன்னிரண்டாவது எண்

தினமும் மாலை நான்கு மணிக்கு நான் ஃபோனில் எண்களைப் படிக்க வேண்டும். என் வேலை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு. மற்ற நேரமெல்லாம் நாற்காலியைத் தேய்ப்பதுதான்.

துறைமுக அலுவலகத்தின் மாடியில் எங்கள் கண்காணிப்பு அறை. ஒரு மின்விசிறி, ஒரு பதிவேடு, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. கடலுக்குப் போன நம் படகு ஒவ்வொன்றும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. படகில் பொருத்திய கருவி சிக்னல் அனுப்பும்வரை புள்ளி இருக்கும். எல்லை தாண்டித் திருட்டு மீன் பிடிக்கப் போகிறவன் முதல் காரியமாக அந்தக் கருவியைத்தான் அணைப்பான். அதனால் கடலின் இரண்டு பக்கத்து அரசாங்கங்களும் வருடக்கணக்கில் பேசி ஓர் ஏற்பாடு செய்தன. ஆறு மணி நேரத்துக்கு மேல் புள்ளி மறைந்த படகுகளின் எண்ணையும், கடைசியாக இருந்த இடத்தையும், நான்கு மணிக்கு ஒருவருக்கொருவர் சொல்லிவிட வேண்டும். நாங்கள் சொன்ன எண் போய்ச் சேர்ந்த கையோடு, எல்லையோரம் சுற்றும் எதிர்க்கரை ரோந்துப் படகு கிளம்பிவிடும்.

எதிர்க்கரையில் எண்களைக் குறித்துக்கொள்பவர் ஓர் அம்மா. முகம் பார்த்ததில்லை. நம் பாஷையை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார்.

அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'ஆறு மணி'. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் படித்துவிடுவேன். படகு முதலாளிகள் வந்து கெஞ்சுவார்கள், கத்துவார்கள். "என்னைப் பெத்தவரே படகுல போனாலும் படிப்பேன், போய்யா" என்பேன். அப்படி ஒரு திமிர்.

தங்கையின் கணவன், என் மாப்பிள்ளை, சொந்தமாகப் படகு வைத்திருந்தான். போன வருடம் கருவியை அணைத்துவிட்டு எல்லை தாண்டிப் போய் எதிர்க்கரை ரோந்திடம் மாட்டினான். அந்த எண்ணைப் படித்ததும் நான்தான். இன்னொரு முறை மாட்டினால் உரிமம் போய்விடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை என் தட்டைப் பார்த்துக் கிண்டல் செய்தான்.

"மச்சான், போன தடவை என்னை மாட்டிவிட்ட களைப்பு இன்னும் தீரலையா? இந்த வெட்டு வெட்டுறீங்க?"

"மறுபடி மாட்டிவிடத் தெம்பு வேணாமா, மாப்ளே?"

தங்கை சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "நிஜமாச் சொல்றேன் மச்சான். இனிமே அந்த சுவிட்சைத் தொடமாட்டேன். இவ மேல சத்தியம்."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று கை கழுவப் போய்விட்டேன். எத்தனை பேர் சத்தியத்தைக் கண்காணிப்பு அறையில் கேட்டிருக்கிறேன்!

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு அவன் புள்ளி மறைந்தது. எல்லைக்கு மூன்று கடல் மைல் இந்தப் பக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம்தான் அந்த வாரம் மீன் குவிந்திருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. 'படுபாவி, சத்தியம் செய்த வாயின் ஈரம் இன்னும் காயவில்லை, போய்விட்டானே' என்று திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். இயந்திரம் பழுதாகியிருக்குமோ, அலை அடித்திருக்குமோ என்று ஒரு நொடியாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவே இல்லை. அந்த அறையில் பதினோரு வருடம் உட்கார்ந்தவனுக்குப் புள்ளி மறைந்தால் திருட்டு, அவ்வளவுதான்.

மூன்றேகாலுக்கு ஆறு மணி நேரம் ஆனது. பதிவேட்டில் பன்னிரண்டு எண்கள். கடைசி எண் அவனுடையது.

நான்கு மணிக்குப் பதினொன்றைப் படித்தேன். நிறுத்தினேன். உரிமம் போனால் தங்கை என்ன செய்வாள் என்ற நினைப்பு வந்துவிட்டது.

"அவ்வளவுதானா சார்?" என்றார் அந்த அம்மா.

"அவ்வளவுதான் மேடம்."

பன்னிரண்டாவது வரியை மையால் அடித்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், அவன் திரும்பி வந்ததும் சட்டையைப் பிடித்து என்ன கேட்பது என்றுதான் யோசித்தேன். நல்லது செய்துவிட்ட நிம்மதிகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் காலையிலும் புள்ளி வரவில்லை. பத்து மணிக்கு எதிர்க்கரைக்கு ஃபோன் போட்டு எண்ணைச் சொன்னேன். ரோந்துப் படகு நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் மிதந்தார்கள். போனது நான்கு பேர்.

அந்த அம்மாதான் தகவல் சொன்னார். கடைசியில், "நேத்து நாலு மணிக்கே இந்த நம்பர் உங்ககிட்ட இல்லையா சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

பிழைத்து வந்தவர்களில் டிரைவரை மருத்துவமனையில் பார்த்தேன். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"ஒன்பது மணி வாக்குல ஒரே அலைதாங்க. படகு கவுந்து, கருவியும் தண்ணிக்குள்ள போயிருச்சு. நாங்க அழுதோம். உங்க மாப்பிள்ளைதான் தைரியம் சொன்னாரு. 'என் மச்சான் அந்த ரூம்லதான்டா இருக்காரு. ஆறு மணி நேரம் ஆச்சுன்னா அப்பனையே லிஸ்ட்ல ஏத்துற ஆளு. நாலு மணிக்கு நம்ம நம்பரைப் படிப்பாரு, அஞ்சு மணிக்கு அந்தப் பக்கத்துப் படகு வந்துரும், தாக்குப்பிடிங்கடா'ன்னாரு. அஞ்சாச்சு, இருட்டுச்சு. அப்பவும் சொல்லிட்டேதான் இருந்தாரு. விடியிற நேரத்துல பெட்டியில இருந்து அவர் கை நழுவிருச்சுங்க."

உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அண்ணா, ஊர்ல என்னென்னவோ பேசுறாங்க. திருட்டு மீன் பிடிக்கப் போய்த்தான் செத்தாராம். அலைதான் கவுத்துச்சுன்னு கூடப் போனவங்க சொன்னா, 'கூட்டாளிங்க வேற எப்படிச் சொல்வாங்க'ன்னு கேக்குறாங்க. உங்க லிஸ்ட்ல அவர் நம்பர் இல்லைன்னு உங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் சொன்னார். அப்ப அவர் எதையும் அணைக்கலைன்னுதானே அர்த்தம்? அதை ஒரு பேப்பர்ல எழுதி, சீல் வச்சுக் குடுண்ணா. நாலு பேர்கிட்ட காட்டணும்."

பொய் சொல்லியிருக்கலாம். சீல் என் மேசையில்தான் இருக்கிறது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. புள்ளி மறைந்ததிலிருந்து வரியை அடித்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். "உனக்காகத்தான்மா. உரிமம் போயிடக் கூடாதேன்னுதான்" என்றபோது எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவர் திருடத்தான் போயிருக்கார்னு நினைச்சே."

"ஆமாம்மா."

"ஊர்க்காரங்க அவர் செத்த பிறகுதாண்ணா அப்படி நினைச்சாங்க" என்றாள். "நீ, அவர் உன்னையே நம்பித் தண்ணியில கிடந்தப்பவே நினைச்சுட்டே."