பெயர் இல்லாத புகார்

1

இந்தக் கதையின் முதல் வரைவு ஒரு புகார்க் கடிதம். எழுதியவள் நானே.

என் நைனா நாகபூஷணம் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறி ஓட்டுபவர். திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். கட்டு மாற்ற வந்த நர்ஸின் முகத்தைப் பார்த்ததும் கத்தினார்.

"அந்தச் சீனாக்காரி கை என் மேல படக்கூடாது!"

அவள் மிசோரம்காரி. (நம் நாட்டுப் பெண்தானே என்று எழுதி அடித்துவிட்டேன். சீனாக்காரியாகவே இருந்தால் மட்டும் திட்டலாமா?)

2

நைனா சொல்லச் சொல்ல எழுதினேன்: 'மொழி தெரியாதவர், முரட்டுத்தனமானவர்.' இரண்டும் பொய். "நைனா, கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்று அவள் தமிழில்தான் சொன்னாள்.

இந்த ஊர் ஆபீஸ்களில் தமிழ் பேசும் எங்களையே தெலுங்கில் 'அரவோள்ளு', தமிழாளுங்க, என்று ஓரங்கட்டுவார்கள். அந்த ரோஷத்தில் கடிதத்தைச் சுத்தமான தெலுங்கில் எழுதினேன். நிர்வாகம் மறுகேள்வி கேட்காமல் நம்பியது. அவளை வார்டிலிருந்து எடுத்துத் துணி அறைக்கு அனுப்பியது. திங்கட்கிழமை விசாரணை, அதில் வேலையே போகலாம்.

3

நர்ஸுகள் சங்கச் செயலாளர் பத்மினி என்னைத் தேடி வந்தார். சட்டையில் கறுப்புப் பட்டை.

"அவ அங்க போர்வை எண்ணிக்கினு கீறா. மூஞ்சியப் பார்த்து ஆள மாத்தினா ஒத்துக்க மாட்டோம்னு நூத்திப் பதினாலு பேர் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோம். உங்க நைனாக்கு மருந்து வேளைக்கு வரும், பயப்படாதீங்க. ஆனா எழுதினவங்க நீங்க. நீங்கதான் வாபஸ் வாங்கணும்."

4

முடிவு ஒன்று: நைனா மனம் திருந்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர்

(இதை முடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோது அவளிடமே சொல்லிப் பார்த்தேன். போர்வையை மடித்துக்கொண்டே சிரித்தாள். "அவர் அழுகை எனக்கு எதுக்கு அக்கா? எனக்கு என் டூட்டி வேணும். கதையிலயாவது என் பேரை எழுதுங்க." லால்ருவாத்தி. என் கடிதத்தில் அந்தப் பெயரே இல்லை. வெட்கமாக இருந்தது.)

முடிவு இரண்டு: நைனாவும் வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். இல்லை. "நம்ம மானம் பூடும் ரோஹிணி, உட்டுடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

5

அவருக்காகக் காத்திருக்கப் போவதில்லை. லால்ருவாத்தியை வெளியே தள்ளியது என் எழுத்து. அதே தெலுங்கில் இன்னொரு கடிதம் எழுதிவிட்டேன், இம்முறை அவள் பெயரோடு, என் கையெழுத்தோடு.

திங்கட்கிழமை, பத்து மணி. விசாரணை அறைக்குள் அவள் நிற்கிறாள். தீர்ப்புச் சொல்பவரின் நாற்காலியை இந்தக் கதையில் காலியாக விட்டிருக்கிறேன். வாசகரே, வந்து உட்காருங்கள். கடிதத்தைப் படிக்கிறேன். தீர்ப்பை யோசித்து எழுதுங்கள்.

கதவுக்கு வெளியே நூற்றுப் பதினான்கு பேர் நிற்கிறார்கள்.