நடுவில் ஒரு வருஷம்

உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது. நெட்டை தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, படுக்கை விரிப்புகளை வாரித் தள்ளுவண்டியில் போட்டாள். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. சுவரின் மேல்விளிம்பில் இருந்த ஜன்னல் வழியாக வெளியே நடப்பவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். மேஜையின் மறுமுனையில் அம்மா தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், இடது கையால் மட்டும். வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள். யாராவது உள்ளே வரும் சத்தம் கேட்டால் அதையும் எடுத்து உறைகளின் மேல் வைத்துக்கொள்வாள், வேலை செய்கிற மாதிரி.

நெட்டை என்பது பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. எங்களுக்கு ஒட்டடைக் கம்பு வாங்குகிற செலவு மிச்சம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி அம்மா சிரிப்பாள்.

பள்ளியின் கடைசிப் பரீட்சை முடிந்திருந்த சமயத்தில்தான் அம்மாவின் தோள் போனது. ஈரத்துணி மூட்டையை இயந்திரத்திலிருந்து இழுக்கும்போது உள்ளே எதுவோ விட்டுப்போன மாதிரி இருந்ததாம். எலும்பு டாக்டர் வரிசையில் நிற்க வைக்காமல் உடனே கூப்பிட்டுப் பார்த்தார். அவருடைய மகளும் நெட்டையும் பல வருஷமாக ஒரே பெஞ்சு. தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறு மாதத்துக்குக் கையைத் தூக்கவே கூடாது, ஓய்வெடுத்தாலே பாதி சரியாகிவிடும் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுநாள் காலை வேலைக்குப் போனாள்.

சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. ஆள் குறைந்தது தெரிந்தால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவார், வீட்டிலிருந்து யாராவது கூட நின்று சமாளித்தால் தான் கண்டுகொள்ளாமல் இருந்துவிடுவதாகச் சொன்னார். வேலை போனால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர்களுக்கென்று கொடுத்திருந்த அறையும் போகும். அப்பா லாரி ஓட்டுகிறவர், வந்தாலும் தூங்கி எழுந்து போய்விடுவார். தம்பி சின்ன வகுப்பில் இருந்தான். விடுமுறைதானே என்று நெட்டை அம்மாவின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அது அவளுக்கு முட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது.

பரீட்சை முடிவு வந்தபோது வேதியியலில் அவள்தான் வகுப்பில் முதல். பக்கத்து ஊர்க் கல்லூரியில் பார்மசி படிக்க உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. டாக்டர் மகள் அதே வேதியியலில் தவறிவிட்டாள். அவளை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். சமையல்காரம்மா, கார் ஓட்டும் அண்ணன், எல்லோருக்கும் பாப்பா. அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். டாக்டர் கோபப்படவில்லை. ஒரு வருஷம்தானே, பிள்ளை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்றார். பாப்பா வெளிநாட்டிலிருந்த அத்தை வீட்டுக்குப் போனாள், திரும்பி வந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தெருநாய்களைப் பராமரிக்கும் இடமொன்றுக்குச் சில வாரம் போய் உதவினாள்.

நெட்டையைப் போக வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை.

"நீ கெளம்பு. நான் எப்படியோ பாத்துக்கறேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மா கண்ணாடி முன்னால் நின்று ஒரே கையால் தலைமுடியை முடியப் பார்த்தாள். முடியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்து, ரப்பர் பேண்டை மாட்டப் பார்த்தாள். மூன்றாவது முறையும் அது நழுவி விழுந்தது. நெட்டை வெளியே போய்க் கல்லூரிக்குப் போன் செய்தாள். அடுத்த வருஷம் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டாள். அப்படி வைத்திருக்க முடியாது, வேண்டுமானால் அடுத்த வருஷம் புதிதாக விண்ணப்பம் போடுங்கள் என்று ஒரு குரல் சொன்னது.

மழைக்காலம் தொடங்கியபோது பாப்பாவின் அம்மா நெட்டையைக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டுக்கு வரும் டியூஷன் ஆசிரியர் வேகமாக ஓடுகிறார், பாப்பாவுக்குத் தலையில் ஏறவில்லை, நீ சொன்னால் புரிகிறது என்கிறாள், வேலை முடிந்து கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போயேன் என்றார். நெட்டைக்கும் புத்தகத்தைத் தொட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. போனாள். துணிகளின் குளோரின் வாடை விரல்களில் இருந்து போகாது. பாப்பாவின் மேஜையில் உட்காருவதற்கு முன் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிக்கொள்வாள். ஆன்ட்டி சும்மா அனுப்பமாட்டார். பாப்பா உடுத்தியதில் நல்ல உடைகளாகப் பார்த்து ஒரு பையில் போட்டுத் தருவார். பாப்பாவோ நெட்டையின் தோளுக்குக்கூட வரமாட்டாள். அந்த உடைகளை அம்மா வெட்டித் தம்பிக்குத் தலையணை உறை தைத்தாள்.

"நான் உன் காலேஜுக்குத்தான் அப்ளிகேஷன் போடப்போறேன், நீயும் இந்த வருஷம் போடுடி" என்றாள் பாப்பா ஒருநாள். "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கலாம். நீ இல்லாம நான் அங்க முதல் மாசமே ஃபெயில் ஆயிடுவேன்."

அம்மாவின் கை அதற்குள் தோள்மட்டம் வரை உயர ஆரம்பித்திருந்தது. மடிக்கிற வேலைக்கு மட்டும் போடுகிறேன் என்று சூப்பர்வைசரும் வாக்குக் கொடுத்தார். நெட்டை விண்ணப்பம் போட்டாள். பாப்பா இந்த முறை வேதியியலில் நன்றாகவே தேறிவிட்டாள். டாக்டர் வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். நெட்டைக்கு இரண்டு.

நேர்முகத்துக்கு இருவருக்கும் ஒரே நாள் வந்தது. பகல் வேலையிலிருந்து விடுப்புக் கிடைக்காததால் நெட்டை முந்தைய இரவு முழுக்க வேலை செய்து காலையை வாங்கிக்கொண்டாள். பிற்பகல் மறுபடி வந்துவிட வேண்டும் என்று பேச்சு. சலவைக்கூடத்துக் குழாயிலேயே குளித்து, அங்கேயே இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆன்ட்டியும் பாப்பாவும் காத்திருந்த டாக்டர் வீட்டுக் காரில் ஏறினாள்.

கல்லூரியில் பாப்பாவை முதலில் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். நடுவில் ஒரு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டார்களாம். அத்தை ஊரைப் பற்றியும் நாய்களைப் பற்றியும் சொன்னாளாம். இப்படி ஒரு இடைவெளி எடுத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு நல்லது, பக்குவம் வரும் என்று அங்கிருந்த பெண்மணி பாராட்டினாராம்.

"பயப்படாதடி. ரொம்ப நல்லவங்க" என்றாள் பாப்பா.

நெட்டை உள்ளே போனாள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கணினியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போன வருஷமே உனக்கு இடம் குடுத்திருக்கோமே. உதவித்தொகையோட."

"ஆமா சார்."

"ஏன் சேரல?"

"அம்மாவுக்குத் தோள்ல அடிபட்டிருந்தது சார். அவங்க வேலைய நான் பாத்தேன்."

என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள். பக்கத்திலிருந்த பெண்மணி முகத்தில் பரிவு தெரிந்தது.

"இப்ப அம்மாவுக்குச் சரியாயிடுச்சாம்மா?"

"கொஞ்சம் பரவால்ல மேடம்."

"திரும்ப அவங்களுக்கு முடியாமப் போனா என்ன செய்வே?"

நெட்டை மடியிலிருந்த சான்றிதழ்களை ஓரம் சேர்த்து அடுக்கினாள். நடுவில் இருந்தவர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் விட்டுப்போனதால் அந்த உதவித்தொகையை வேறு பிள்ளைக்கும் கொடுக்க முடியாமல் போய்விட்டது என்று விளக்கினார்.

"நாங்க உன்னக் குத்தம் சொல்லலம்மா. ஆனா உனக்குப் படிப்புல எவ்வளவு அக்கறைன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அக்கறை இருக்கு சார்" என்றாள். வேறு நிறையச் சொல்ல இருந்தது. தூக்கமில்லாத தலைக்குள் எதுவும் வரிசையாக வரவில்லை.

மதியத்துக்குள் முடிவை ஒட்டிவிட்டார்கள். பாப்பாவுக்கு இடம் கிடைத்திருந்தது. நெட்டை காத்திருப்பவர்களில் ஒருத்தி. வாசலில் நின்ற அலுவலக உதவியாளரிடம் ஆன்ட்டி போய் விசாரித்தார். யாராவது சேராமல் போனால்தான் கூப்பிடுவார்கள் என்றார் அவர்.

"எல்லா வருஷமும் நடக்காதுங்கம்மா. போன வருஷம் ஒரு புள்ள விட்டுட்டுப் போச்சு. கெடைச்ச இடத்த யாராவது விடுவாங்களா? என்ன கொழுப்போ."

நெட்டை சுவரில் ஒட்டியிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரில் முன்சீட்டில் உட்கார்ந்து ஆன்ட்டி ஒவ்வொருவராகப் போன் போட்டுச் செய்தி சொன்னார். பின்சீட்டில் பாப்பா நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குச் சந்தோஷமே இல்லடி" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் நெட்டையின் மேல் சாய்ந்து தூங்கிப்போனாள். தலை சரியாக அமையாமல் நழுவியது. நெட்டை சீட்டில் கீழே சறுக்கி உட்கார்ந்து, தோளைத் தாழ்த்திக் கொடுத்தாள். கண்கள் மணலைப் போட்ட மாதிரி எரிந்தன. மூடினால் திறக்க முடியாது என்று வெளியே ஓடும் கடைகளின் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் கார் நின்றது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமே என்றார் ஆன்ட்டி. இல்லை ஆன்ட்டி, வேலைக்கு நேரமாகிவிட்டது என்றாள் நெட்டை. பாப்பாவின் தலையை இரண்டு கையாலும் தாங்கி, குஷனை இழுத்து அதன் மேல் வைத்தாள். காலை வெளியே ஊன்றியபோது தரை ஒரு கணம் ஆடியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆன்ட்டி திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கதவ மெதுவா சாத்தும்மா. பாவம், ஒரு வாரமா டென்ஷன்ல புள்ளைக்குத் தூக்கமே இல்ல."

நெட்டை கதவைத் தள்ளிச் சாத்தவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து, உள்ளே 'க்ளிக்' என்ற சின்னச் சத்தம் கேட்கும் வரை, மெல்ல மெல்ல அழுத்தினாள்.