கை குலுக்காமல் போன ஆட்டம்

எல்மர் மைக்கைப் பிடித்ததுமே வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐஸ் தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் விளையாட்டுக்கான வில்லோ பெண்ட் கிளப்பின் அறுபதாம் ஆண்டு விருந்து. ஊரே கூடியிருந்தது. ஆரம்ப நாட்களைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தலைவர் டாரன் எல்மரைத்தான் கூப்பிட்டான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெர்னா அவன் கண்ணில் படவே இல்லை.

"முதல் வருஷம் எங்களுக்கு ஏது கட்டடம்? பழைய மாட்டுக் கொட்டகைதான். நாங்க பசங்க எல்லாம் தண்ணி சுமந்து தரையில ஊத்தி ஐஸ் போட்டோம்" என்று ஆரம்பித்தார் எல்மர்.

பசங்களா? பால் கேன்களில் தண்ணீர் சுமந்து ஊற்றியது வெர்னாவும் நெட்டியும் டோரிஸும் ஹில்டாவும். பசங்கள் அடுப்பைச் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். ஐஸ் இறுகியதும், 'பெண்களுக்குச் செவ்வாய் மத்தியானம் மட்டும்' என்று பலகை மாட்டினார்கள்.

"அப்புறம் ஒரு தமாஷ். இந்தப் பொண்ணுங்க எங்களோட ஆடியே தீரணும்னு அடம் புடிச்சாங்க. சரின்னு ஆடினோம். பாவம், குளிர்ல நடுங்குறாங்களேன்னு பாதியிலயே விட்டுட்டோம்!"

கூடம் கொல்லென்று சிரித்தது. வெர்னா எழுந்துவிட்டாள்.

"யாருடா நடுங்கினது? எட்டுச் சுத்துல ஆறு முடிஞ்சிருந்துச்சு. நாங்க ஒம்போது, நீங்க ரெண்டு. மாட்டுல பால் கறக்கணும்னு கிளம்பினியே, உங்க வீட்டுல ஏதுடா மாடு? உங்கப்பா வச்சிருந்தது மளிகைக் கடை!"

"கடையில பால் பவுடர் இருந்திருக்கும், வெர்னாம்மா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். இந்த முறை சிரிப்பு எல்மர் பக்கம் திரும்பியது.

"அறுபது வருஷம் ஆச்சு வெர்னா. இன்னுமா?" என்றார் எல்மர்.

"இன்னும்தான். அன்னிக்குக் கை குடுத்தியா நீ?"

சிரிப்பு சட்டென்று நின்றது. வாய்க்கால் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்கள்கூட, கர்லிங்கில் தோற்றால் கையுறையைக் கழற்றி எதிரணியில் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் ஐஸை விட்டு இறங்குவார்கள். கை கொடுத்தால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. அன்றோ நான்கு ஆண்களும் ஐஸைத் தேய்க்கும் துடைப்பங்களைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்கள். நான்கு பெண்கள் கையுறையைக் கழற்றிவிட்டு, நீட்டிய கையோடு நின்றார்கள். மறுநாள் கடைத்தெருவில் எல்மர் சொன்னார்: "முடியாத ஆட்டத்துல எப்படி ஜெயிக்க முடியும்?" அந்த ஒரு பேச்சை வைத்தே பெண்களைப் பல வருடங்கள் செவ்வாய்க்கிழமையிலேயே கட்டிப்போட்டார்கள்.

"ஆட்டம் முடியலைன்னு நீதான சொன்ன? சரி, இன்னும் ரெண்டு சுத்து பாக்கி. ஐஸ் அங்க இருக்கு. வா, முடிச்சிருவோம்."

எல்மர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஐஸைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு இளித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"இந்தாம்மா, போதுமா?"

"பிச்சையா போடுற? யார் ஜெயிச்சதுன்னு முதல்ல மைக்ல சொல்லு."

எல்மர் உதவிக்கு டாரனைப் பார்த்தார். டாரன் தட்டிலிருந்த கேக்கை மும்முரமாக வெட்டிக்கொண்டிருந்தான். எல்மரின் காது மடல்கள் சிவந்தன.

"அவங்கதான் ஜெயிச்சாங்க" என்றார் மைக்கில். குரல் இறங்கிப்போயிருந்தது. "நாங்க தோத்துட்டு ஓடினோம்."

வெர்னா அவர் கையைப் பிடித்து ஒரே ஒரு குலுக்குக் குலுக்கினாள். கோபம் அடங்கவில்லை.

"ஆடினது நாலு பேரு. டோரிஸும் ஹில்டாவும் போய்ச் சேர்ந்துட்டாங்க. நெட்டி இருக்கா."

"எங்க? ஆளக் காணோமே?"

"எங்க இருப்பா? இத்தனை வருஷமா நீங்க எங்க நிக்க வச்சீங்களோ, அங்கதான்!"

எல்மர் தடியை ஊன்றிச் சமையலறைக்கு நடந்தார். ஊரே எட்டிப் பார்த்தது. முழங்கை வரை சோப்பு நுரையோடு தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நெட்டி நிமிர்ந்தாள்.

"என்ன எல்மர், இன்னொரு துண்டு கேக் வேணுமா?"

"இல்ல நெட்டி... அன்னிக்கு நீங்கதான் ஜெயிச்சீங்க." அவர் கையை நீட்டினார்.

நெட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கையைத் துடைக்காமலே நீட்டினாள்.

"அது எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "குடுத்தாச்சுல்ல? இப்ப அந்த ஏப்ரனை எடுத்துக் கட்டு. மிச்சத் தட்டு எல்லாம் உனக்குத்தான்."